கவிழ்ந்தால் விட்டுவிடும் இருக்கை

கோவை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு மரச் சட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டு பக்கமும் போல்ட் துளை, நடுவில் நைலான் நாடாப் பின்னல், அடிப்பக்கத்தில் நீளமாக ஒரு கீறல்.

"என்னங்க இது?"

"படகில் உட்காரும் பலகை."

"படகு எங்க இருக்குதுங்க?"

"சரவணம்பட்டியில்."

அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார். அந்த மனிதர் தலையைத் தூக்காமலே, "சரவணம்பட்டில கம்ப்யூட்டர் கம்பெனிதான இருக்குது, ஆறு எப்ப வந்துச்சு?" என்றார். இருவரும் சிரித்தார்கள். பலகையைத் திரும்ப உள்ளே வைத்து, அதன்மேல் என் சேலையை ஒழுங்காக மடித்துப் போட்டுப் பெட்டியை மூடிக் கொடுத்தார் முதலாமவர். இத்தனை ஊர் சுற்றியிருக்கிறேன், எந்த அதிகாரியும் என் சேலையை மடித்துக் கொடுத்ததில்லை.

நான் மலேசியாக்காரி. பேராக் மாநிலத்தில் காட்டாற்றில் கேனோ ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கேனோ என்றால் மேலே மூடாத ஒல்லியான துடுப்புப் படகு. பாறைகளில் மோதி வெள்ளையாக நுரைத்து இறங்கும் தண்ணீரில் அதை ஓட்டும்போது நாற்காலியில் உட்காருவதுபோல் யாரும் உட்காருவதில்லை. மண்டி போட்டு, பின்பக்கத்தைப் பலகையில் தாங்கி, இரண்டு பாதங்களையும் பலகைக்கு அடியில் பின்னால் நீட்டிக்கொள்வோம். ஆபத்து அந்த அடியில்தான். பலகை தாழ்வாக இருந்தால் படகு அதிகம் ஆடாது, ஆனால் பாதம் சிக்கும். உயரமாக இருந்தால் பாதம் தாராளமாக வெளியே வரும், ஆனால் படகு தொட்டதற்கெல்லாம் ஆடும்.

போன மழைக்காலத்தில் என் படகு ஒரு பாறையில் குறுக்காக மோதிக் கவிழ்ந்தது. படகோடு நானும் தலைகீழாகத் தொங்கினேன். வலது பாதம் பலகைக்கு அடியில் இறுகிவிட்டது. உதறினேன், வரவில்லை. என்னோடு வேலை செய்யும் அமாட் கரையிலிருந்து குதித்து, படகைத் தோளால் முட்டி நிமிர்த்திய பிறகுதான் மூச்சு கிடைத்தது. எலும்பு முறியவில்லை. வீக்கம் சீக்கிரமே வற்றிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு என்னால் கேனோவில் மண்டி போட முடியவில்லை. முட்டியை மடக்கினாலே நெஞ்சு அடைத்தது. கரையில் நின்று விசில் ஊதிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

இதைக் கேட்டுவிட்டு, முன்பு என்னிடம் கற்றுக்கொண்டு போன பிரபு கோவையிலிருந்து போன் செய்தான். "கோச், அந்தப் பலகையைக் கழட்டி எடுத்துக்கிட்டு இங்க வாங்க. டிராக்டருக்கும் பஸ்ஸுக்கும் சீட் செய்யற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. அவங்ககிட்டக் கேப்போம்." கடையில் விற்கும் கேனோ இருக்கைகளெல்லாம் ஆறடி ஆட்களுக்கு அளவெடுத்தவை. என்னிடம் வரும் பெண்களில் பாதிப் பேர் ஐந்தடிகூட இல்லை. கிளம்பிவிட்டேன்.

பிரபு சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். அவனுடைய கேனோ அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், கார் நிற்கவேண்டிய இடத்தில் இருந்தது. கார் தெருவில் வெயிலில் நின்றது. நாங்கள் படகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் இறங்கிய ஒரு பெண் தெலுங்கில் தன் கணவரிடம் ஏதோ சொன்னார். என்னவென்று பிரபுவைக் கேட்டேன். "'பொண்ணு பார்க்கச் சொன்னா இவன் தொட்டி வாங்கி வெச்சிருக்கான்'னு சொல்றாங்க" என்றான், கொஞ்சமும் வருத்தமில்லாமல்.

அன்று காலை அங்கே குடித்த தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும். பசியாற இட்லி வாங்கிவந்திருந்தான். நான் முதலில் தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, இதில் என்ன கலந்திருக்கிறாய் என்று கேட்டேன். "ஒன்னுமில்ல கோச், சிறுவாணி" என்றான், சொத்து விவரம் சொல்வதுபோல. ஆற்றிலேயே பிழைப்பு நடத்துகிறவள் நான். தண்ணீருக்கு இப்படி ஒரு ருசி உண்டு என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது தம்ளர் கேட்டேன். இட்லி ஆறிப்போனது.

படகை ஏற்றுவதற்கு வண்டி சொல்லியிருந்தான். "குட்டியானை வந்துட்டே இருக்குது" என்று அவன் போனைப் பார்த்துச் சொன்னபோது, நான் நிஜமாகவே வாசலை எட்டிப் பார்த்தேன். சின்ன லோரி ஒன்று வந்து நின்றது. இந்த ஊரில் அதற்குப் பெயர் குட்டியானை. பிரபு சிரித்து முடிக்க வெகு நேரமானது.

சீட் செய்கிற அக்காவின் பெயர் அம்சவேணி. ஐம்பதைத் தாண்டியவர். பருத்திச் சேலை, காதில் பேனா. பட்டறைக்குள் நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். கூரை உயரத்துக்கு ஃபோம் கட்டிகள், வெள்ளை, மஞ்சள், சாம்பல். ஒரு மூலையில் அச்சுக்குள் குழம்புபோல் ஏதோ ஊற்றினார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மூச்சு இழுப்பதுபோல் உப்பி, எழும்பி, ஒரு டிராக்டர் சீட்டாகி நின்றது. இன்னொரு முறை ஊற்றச் சொல்லலாமா என்று இருந்தது.

"வாங்க அம்மணி, சாப்டாச்சுங்களா?" என்ற அம்சவேணி, என் பதிலுக்குக் காத்திராமல் பலகையை வாங்கித் திருப்பி, அடியில் இருந்த கீறலைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது எப்படிங்க ஆச்சு?"

"என் ஷூவின் குதிகால் மாட்டிய இடம்."

அவர் பலகையை மேசைமேல் வைத்தார். பிறகு சொன்னார்: "சீட்டுன்னா உக்கார்றதுக்கு மட்டும்னு நெனச்சுச் செஞ்சிருக்காங்க. எந்திரிக்கறதுக்கும்தானுங்க சீட்டு. என்ற ஊட்டுக்காரரு டிராக்டரோட வரப்புல கவுந்தாரு. சீட்டை விட்டுக் குதிச்சதாலதான் இன்னைக்குத் தோப்புல தண்ணி பாய்ச்சிட்டு இருக்காரு."

அதற்குப் பிறகு கேள்விகளாகக் கேட்டார். மண்டி போட்டால் எடை முட்டியிலா, பின்பக்கத்திலா? படகு எந்தப் பக்கம் கவிழும்? கவிழும்போது உடம்பு முன்னால் போகுமா, பின்னால் போகுமா? ஈரமானால் ஷூ எவ்வளவு பெருக்கும்? கடைசியில், "உங்ககிட்ட வர்றவங்கள்ல பெரிய பாதம் யாருது?" என்றார். நான் பிரபுவைக் காட்டினேன். அவன் ஷூவைக் கழற்றி வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டார். "இதுக்கு இடம் விட்டாத்தான் மத்தவங்களுக்கு இடம் இருக்கும். உசரம் மட்டும் ஆளுக்குத் தக்கன மாத்தற மாதிரி வெச்சுக்கலாம்."

பலகையே வேண்டாம் என்று அன்று மத்தியானம் முடிவானது. குதிரைச் சேணம்போல் படகின் நடுவில் ஃபோம் கட்டி ஒன்று. ஆள் அதன்மேல் கால்களை இருபக்கமும் போட்டு மண்டி போடவேண்டும். பாதங்களுக்கு மேலே எதுவும் இருக்காது, சிக்குவதற்கு அடிப்பக்கம் என்ற ஒன்றே இல்லை. அலையில் உடம்பு தூக்கி எறியப்படாமல் இருக்க, தொடைகளின்மேல் இரண்டு பட்டைகள். இது என் கண்டுபிடிப்பு இல்லை. வெளிநாடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எந்த ஃபோம், எவ்வளவு அகலம், பட்டையை எங்கே கட்டுவது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

டிராக்டர் சீட்டின் ஃபோம் தண்ணீரைக் குடித்துவிடும். மோட்டார் பம்புகளைப் பொட்டலம் கட்டப் பயன்படும் அடர்ந்த ஃபோம் தாள்கள் சிலவற்றை அம்சவேணி கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெட்டி, எடை போட்டு, கல்லைக் கட்டித் தண்ணீர்ப் பீப்பாயில் அமுக்கினார். மறுநாள் காலை எடுத்துத் துடைத்து மறுபடி எடை போட்டார். இரண்டு துண்டுகள் கனத்திருந்தன. கறுப்புத் துண்டு ஒன்று மட்டும் போன எடையிலேயே திரும்பி வந்தது. "இவன் குடிக்காதவன்" என்றார். பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்திருந்த இரண்டு பேர் என்னவென்று கேட்க, ஒருவர் இந்தியில் விளக்க, அவர்கள் தனியாக ஒரு முறை சிரித்தார்கள்.

கறுப்புத் தாள்களைச் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டவைத்துச் செதுக்கினார்கள். பிரபு அதில் உட்கார்ந்தான், நான் உட்கார்ந்தேன், சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பிய தையல் பிரிவுப் பெண்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து எழுந்தார்கள். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், படகுக்கு வெளியே சிமென்ட் தரையில் வைத்த சேணத்தில் என் முட்டி எந்தத் தகராறும் இல்லாமல் மடங்கியது.

சாப்பாடு அம்சவேணி வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் வந்தது. அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தாளித்த சோறு. மேலே நெய். எங்கள் ஊரில் ஒரு சாப்பாட்டுக்கு ஏழு கறி வைப்போம். இங்கே ஒரே பாத்திரத்தில் எல்லாம் முடிந்திருந்தது. மூன்றாவது முறை நான் தட்டை நீட்டியபோது, "போடுங்க, ஆத்துல போறவங்க" என்றார் அம்சவேணி.

சேணத்தைப் படகில் ஒட்டிக் காயவிட்டு, அடுத்த நாள் அவர் செய்த காரியத்தை நான் என் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன். பட்டறைக் கூரையில் பாரம் தூக்கும் செயின் பிளாக் இருந்தது. படகின் இரு முனைகளையும் கயிற்றில் கட்டி, இடுப்பு உயரத்துக்குத் தூக்கித் தொங்கவிட்டார்கள். அடியில் ஃபோம் கழிவுகளை மலைபோல் குவித்தார்கள். "உள்ள ஒக்காந்து பட்டையை மாட்டுங்க. நாங்க கவுத்தறோம். எப்படி உழுகறீங்கன்னு பாக்கோணும்."

பிரபு முதலில். படகை உருட்டினார்கள். அவன் ஒரு கணம் வௌவால்போல் தொங்கினான், காலை நீட்டினான், பட்டைகள் நழுவின, தலைகுப்புறக் குவியலில் புதைந்தான். கைதட்டல். அடுத்து என் முறை. நான் ஏணியில் ஏறினேன். ஒரு காலைப் படகுக்குள் வைத்தேன். மற்றக் கால் வரவில்லை. இறங்கிவிட்டேன்.

அம்சவேணி உள்ளே போய் யாருடைய சுடிதாரையோ மாற்றிக்கொண்டு வந்தார். "நான் ஒக்காராத சீட்டு வெளிய போனதில்லீங்க" என்றபடி ஏணியில் ஏறி, மண்டி போட்டு, பட்டைகளை மாட்டிக்கொண்டார். உருட்ட வேண்டியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலாளியம்மாவைக் கவிழ்க்க யாருக்கும் கை வரவில்லை. "ஏனுங்க, சம்பளத்துல பிடிக்கமாட்டேன், கவுத்துங்க" என்று மேலிருந்து அதட்டினார். கவிழ்த்தார்கள். ஃபோம் குவியலுக்குள்ளிருந்து தலையெல்லாம் கறுப்புத் துணுக்குகளோடு எழுந்து, இடது பட்டை கொஞ்சம் தாமதமாக விடுகிறது என்றார்.

தண்ணீரில் பார்ப்பதற்குத் தொண்டாமுத்தூரில் அம்சவேணி குடும்பத்தின் தென்னந்தோப்புக்குப் போனோம். விடிகாலை. பாசனத்துக்குத் தண்ணீர் தேக்கும் பெரிய சிமென்ட் தொட்டி அங்கே இருந்தது, ஒரு படகு தாராளமாகத் திரும்பும் அளவு. ஆனால் தோப்பு வாசலிலேயே அம்சவேணியின் கணவர் கையைக் காட்டி நிறுத்தினார். "சித்த நேரம் இருங்க. இன்னும் போகல."

யார் போகவில்லை என்று கேட்க வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன். மேற்கே மலை. மழை விட்டு மேகம் பாதி விலகியிருக்க, சுவர்போல் நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில், சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம், நான்கைந்து யானைகள் ஒன்றின் பின் ஒன்றாகக் காட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தன. அவசரமே இல்லை. சத்தமும் இல்லை. கடைசியில் போன யானை நின்று திரும்பிப் பார்த்தது, பிறகு மேகத்துக்குள் போய்விட்டது. எங்கள் ஊரிலும் யானை உண்டு. காட்டில் வழி காட்டுகிறவர்கள் சாணத்தைக் காட்டி யானை என்பார்கள். நாற்பது வயதில் இப்போதுதான் வெட்டவெளியில் பார்க்கிறேன். கண் நிறைந்துவிட்டது. அம்சவேணியின் கணவருக்கு நிறைந்தது வேறு கணக்கு. "ரெண்டு மரத்தைச் சாச்சுப்போட்டு, பைப்பையும் மிதிச்சுப்போட்டுப் போகுதுங்க" என்றார். ஆனால் அவரும் அது மறையும்வரை பார்த்துக்கொண்டுதான் நின்றார். தொட்டி ஓரத்துச் சேற்றில் ஒரு காலடி பதிந்திருந்தது. பிரபு அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த சைஸ் ஷூவுக்குச் சீட் கேட்டா மாட்டேன்னுடுங்க" என்றான்.

பிரபு லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட்டோடு படகில் இறங்கினான். துடுப்புப் போட்டு இரண்டு சுற்று வந்தான். உட்கார சுகமாக இருக்கிறது என்றான். பிறகு நான் சைகை காட்ட, சாய்ந்து கவிழ்ந்தான்.

படகு ஒரு பக்கம் மிதந்தது. பிரபு இன்னொரு பக்கம் வந்தான். ஆனால் தலை வரவில்லை. இடுப்புதான் முதலில் மேலே வந்தது. சேணம் படகிலிருந்து பிய்ந்து, பட்டைகளோடு அவன் தொடைகளுக்கு நடுவில் கவ்வியபடி இருந்தது. தண்ணீர் குடிக்காத அந்தக் கறுப்பு ஃபோம் அவன் இடுப்பை மேலே தூக்க, தலை கீழே போயிருந்தது. கைகள் தண்ணீரை அடித்தன. லைஃப் ஜாக்கெட் ஒரு பக்கம் இழுத்தது, சேணம் இன்னொரு பக்கம் இழுத்தது.

நான் குதித்தது எனக்குத் தெரியாது. போட்டிருந்த துணியோடு, செருப்போடு தொட்டிக்குள் இருந்தேன். ஒரு கையால் அவன் ஜாக்கெட்டைப் பிடித்துத் தலையைத் தூக்கி, இன்னொரு கையால் பட்டையைத் தொடையிலிருந்து பிய்த்தேன். ஒன்று வந்தது. மற்றதும் வந்தது. சேணம் அம்புபோல் மேலே துள்ளி மிதந்தது. பிரபு இருமினான், மூக்கைச் சிந்தினான், தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல" என்றான். அவன் உதடு வெளுத்திருந்தது.

அம்சவேணி தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கணவர் பிரபுவுக்கு இளநீர் சீவிக் கொடுத்தார். அம்சவேணிக்கும் ஒன்று நீட்டினார், அவர் வாங்கவில்லை. பிரபு துவட்டிக்கொண்டு போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நிறுத்திக்கலாமுங்க."

"பசைதானே அக்கா விட்டது?"

"காஞ்சிருக்கறப்ப இழுத்துப் பார்த்தேன், நின்னுச்சு. ஊறினதும் உட்டுப்போச்சு. இந்தப் படகுப் பிளாஸ்டிக்குல பசை நிக்காதுன்னு என்ற மனசுல இருந்துச்சு, இருந்தும் செஞ்சேன். என்ற சீட்டு ஒரு ஆளைப் பிடிச்சு வெச்சுப்போட்டுதுங்க. இத்தன வருசத்துல இப்படி ஆனதில்ல. வேண்டாங்க. எனக்குத் தண்ணி தெரியாது."

இந்த இடத்தில் நான் அவருக்கு என்ன ஆறுதல் சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் ஈரத்தோடு உட்கார்ந்து, "எனக்குத் தண்ணீர் தெரியும். சீட் தெரியாது. தொட்டியில் தெரிந்தது நல்லது, ஆற்றில் தெரிந்திருந்தால்?" என்றேன். பிறகு சேணத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "பட்டையை ஏன் சீட்டிலேயே கட்டியிருக்கவேண்டும்?"

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயில் ஏறியது. "பட்டையைப் படகுல கட்டிப்போட்டா, சீட்டு பிஞ்சாலும் ஆளைத் தூக்காது" என்றார் கடைசியில். "சீட்டும் பிய்யக்கூடாது. பசையை நம்பவேண்டாம்." காதிலிருந்த பேனாவை எடுத்துத் தொட்டியின் சிமென்ட் விளிம்பிலேயே வரைய ஆரம்பித்தார். அவர் கணவர் பார்த்துக்கொண்டே போனார்.

அதற்கடுத்த நாட்கள் முழுவதும் பட்டறையிலேயே கழிந்தன. படகின் இரு விளிம்புகளையும் இணைத்து ஓர் அலுமினியக் குழாய், அதிலிருந்து இறங்கும் இரண்டு கால்கள், அவற்றுக்கு நடுவில் போல்ட் போட்டு இறுக்கிய சேணம். கால்களில் வரிசையாகத் துளைகள், ஆளுக்கேற்ற உயரத்தில் சேணத்தை மாட்டுவதற்கு. எல்லா விளிம்புகளையும் விரல் வைத்துத் தடவி, கூராக எது தட்டுப்பட்டாலும் ராவச் சொன்னார். தொடைப் பட்டைகளைப் படகின் பக்கங்களில் கட்டி, இரண்டையும் ஒரே கயிற்றில் சேர்த்து, கயிற்றின் நுனியில் ஒரு சிவப்பு ரப்பர் பந்தைக் கோத்தார். பந்தை இழுத்தால் இரண்டு பட்டையும் ஒன்றாகக் கழலும். "தண்ணிக்குள்ள கண்ணு தெரியாதுல்லீங்க? கைக்குத் தெரியோணும்" என்றார். தையல் பிரிவுப் பெண்களின் கண்ணைக் கட்டி, கையில் சோப்பு நுரையைத் தடவி, படகில் உட்காரவைத்துப் பந்தைத் தேடி இழுக்கச் சொன்னார். ஒருவர் விடாமல் இழுத்தார்கள். பழைய மாதிரியே செயின் பிளாக்கில் தொங்கவிட்டுக் கவிழ்த்தார்கள். பிறகு படகில் தண்ணீர் நிரப்பி ஊறப்போட்டு, மறுநாள் அதே போல்ட்டுகளைப் பிடித்துப் பட்டறையில் இருந்த பலசாலியை இழுக்கச் சொன்னார். அவர் நெற்றி நரம்பு புடைக்க இழுத்தார். அசையவில்லை. தொண்டாமுத்தூர்த் தொட்டியில் பிரபு மறுபடி கவிழ்ந்தான், தலை முதலில் வந்தது. அவனே கேட்டுப் பல தடவை கவிழ்ந்தான்.

நான் இன்னும் உள்ளே உட்காரவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை.

ஓடுகிற தண்ணீரில் பார்க்காமல் எந்த இருக்கையையும் நம்பக்கூடாது. பிரபுவின் பெற்றோர் கொடுமுடியில் இருக்கிறார்கள். காவிரி இருக்கும்போது வேறு ஆறு எதற்கு என்று அங்கே கிளம்பினோம். அம்சவேணியும் வந்தார். காங்கேயம் தாண்டி குட்டியானையின் டயர் பஞ்சரானது. பஞ்சர் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டுப் படகையே சுற்றிச்சுற்றி வந்தார்.

"ஏனுங்க, இது மாட்டுக்குத் தண்ணி வெக்கற தொட்டிங்களா?"

"படகுங்க" என்றான் பிரபு.

"நடுவுல எதுக்குங்க குதிரைச் சீட்டு?"

அம்சவேணி வண்டியிலிருந்து இறங்கி, வேகாத வெயிலில் நின்று, பட்டை எப்படிக் கழலும் என்று பந்தை இழுத்துக் காட்டினார். கடைக்காரர் தானும் ஒரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு பஞ்சரை ஒட்டினார்.

கொடுமுடியில் பிரபுவின் அம்மா சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தார். எங்கள் ஊரில் புட்டு மாயாம் என்று விற்கும் இடியாப்பம் போன்றது, ஆனால் நூல் இன்னும் மென்மை. தின்றுவிட்டு ஆற்றுக்கு நடந்தோம். கோயில் படித்துறையைத் தாண்டி மேலே போனதும் காவிரி முழுதாகத் தெரிந்தது. நான் பழகிய ஆறுகள் ஒடுக்கமானவை, கத்திக்கொண்டே ஓடுபவை. இது அகலமாக, மௌனமாக, ஒரு நாடே நகர்வதுபோல் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் குளித்தவர்கள், அந்தப் பெரிய நீருக்கு முன்னால் எறும்புபோல் இருந்தார்கள். என்னையறியாமல் கும்பிட்டேன். பக்கத்தில் அம்சவேணியும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அவர் கரையிலிருந்து ரொம்பத் தள்ளி நின்றார்.

பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் நெருக்கியடித்து நுரைத்து இறங்கும் ஓர் இடம் பிரபுவுக்குத் தெரியும். சின்ன இறக்கம்தான். கீழே ஒரு பரிசல்காரரைக் காவலுக்கு நிறுத்தினோம். கையில், விழுந்தவருக்குக் கயிறு வீசும் பையோடு நான் பாறைமேல் நின்றேன். பிரபு இறங்கினான். நுரையில் மூழ்கி, எழுந்து, திரும்பி, கத்தினான். கவிழவே இல்லை. மறுபடி தூக்கி வந்து இறங்கினான், வேண்டுமென்றே கவிழ்ந்தான், தலை முதலில் வந்தது.

அவன் படகை மேலே தூக்கிவந்து என் காலடியில் வைத்தான். துடுப்பை நீட்டினான். கயிற்றுப் பையை அவனிடம் கொடுத்தேன். ஹெல்மெட்டை மாட்டினேன். ஆழமில்லாத இடத்தில் படகை நிறுத்தி, வலது காலை உள்ளே வைத்தேன். இடது காலையும் வைத்தேன். முட்டியை மடக்கிச் சேணத்தில் அமர்ந்து, திரும்பிப் பார்த்தேன். என் இரண்டு பாதங்களும் தெரிந்தன. அவற்றுக்கு மேலே வானம்தான் இருந்தது. பயம் போய்விடவில்லை. இருந்தும் மூச்சு வந்தது. பட்டையை மாட்டி, பந்தை ஒரு முறை தொட்டுப் பார்த்து, கரையை விட்டுத் தள்ளினேன்.

தண்ணீர் பிடித்து இழுத்ததும் உடம்பு தன் வேலையைத் தானே செய்தது. இடது பாறை, வலது பாறை, நுரை. அடியில் ஒரு குறுக்கு அலையை நான் பார்க்கவில்லை. படகு சட்டென்று சாய்ந்தது. பச்சை இருட்டு, காதில் இரைச்சல். கை பந்தைத் தேடியது. பந்து கையில் படுவதற்கு முன்பே நான் வெளியே இருந்தேன். கால்கள் நீண்டிருந்தன, பட்டைகள் நழுவியிருந்தன, முகத்தில் வெயில் அடித்தது. பரிசல்காரர் படகைப் பிடித்துவிட்டார். நான் நுரையில் மல்லாந்து மிதந்தபடி சிரித்தேனா அழுதேனா என்று பிரபுவுக்கே தெரியவில்லையாம், பிறகு சொன்னான்.

எங்கோ தள்ளி நின்ற அம்சவேணி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். எப்போது இறங்கினார் என்று யாரும் பார்க்கவில்லை. படகு கைக்கு எட்டியதும் முதலில் போல்ட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"நான் ஒருக்கா ஒக்காரலாமுங்களா?"

கீழே பாறைக்குப் பின்னால் தண்ணீர் அமைதியாகச் சுழலும் ஓர் இடம் இருந்தது, இடுப்பளவு ஆழம். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, வார்களை நானே இறுக்கினேன். பட்டைகளை மாட்டவில்லை. அவர் சேணத்தில் மண்டி போட்டு, இரண்டு விளிம்புகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் தண்ணீரில் நடந்து படகைப் பிடித்துக்கொண்டே போனேன். பரிசல் கொஞ்சம் தள்ளி நின்றது. அம்சவேணி முதலில் என் கையைப் பார்த்தார். பிறகு பாறையை, பிறகு அக்கரையை. விரல்கள் ஒவ்வொன்றாக விளிம்பை விட்டன.

"கண்ணு, உடுங்க" என்றார்.

விட்டேன். படகு ஆற்றோடு போய்விடவில்லை. பாறைக்குப் பின்னால் சுழலும் தண்ணீர் அதை மெல்ல ஏந்தி, ஒரு வட்டம் சுற்றி, திரும்ப என் பக்கமே கொண்டுவந்தது. அம்சவேணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வந்ததும் நான் கையை நீட்டினேன். அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். படகு என்னைக் கடந்து அடுத்த சுற்றுக்குப் போனது.